கமிட் பண்ணினது தொலையாது: கிட் கத்துக்கிற முதல் வாரம்

கோடிங் ஆரம்பிச்சு மூணு மாசம் ஆன ஒருத்தரோட லேப்டாப்பைத் திறந்தா, பெரும்பாலும் இந்த ஃபோல்டர்கள்தான் வரிசையா நிக்கும்: ப்ராஜெக்ட், ப்ராஜெக்ட் நியூ, ப்ராஜெக்ட் ஃபைனல், ப்ராஜெக்ட் ஃபைனல் 2, ப்ராஜெக்ட் சார் சொன்னது. நேத்து ராத்திரி ஒழுங்கா ஓடினது இதில் எது? அவங்களுக்கே தெரியாது. நாளைக்குக் காலையில் வைவா.

இதுக்கு மருந்துதான் வெர்ஷன் கன்ட்ரோல். வேலைக்குப் போற இடத்தில் அநேகமா அது கிட் என்கிற மென்பொருளாத்தான் இருக்கும். புதுசா வர்றவங்க நாற்பது கமாண்டை ஒரு பேப்பரில் எழுதி வெச்சுக்கிட்டு, மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்றாங்க. ஒரு எழுத்து மாறினா வேலையெல்லாம் போயிடுமோன்னு பயம் வேற. அந்தப் பயம் பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி சரின்னு சொல்றதுதான் இன்றைய எபிசோட்.

ஒரே வாக்கியத்தைப் பிடிச்சுக்கோங்க: கமிட் பண்ணினது தொலையாது, கமிட் பண்ணாததுதான் தொலையும். மீதி எல்லாம் இதிலிருந்து வரும்.

ஒரு சின்னக் குறிப்பு. நான் வாயால் சொல்ற கமாண்டுகளை நீங்க டெர்மினலில் ஆங்கிலத்தில், எல்லாமே சின்ன எழுத்தில் டைப் பண்ணணும். விண்டோஸ் வெச்சிருக்கவங்க கிட் இன்ஸ்டால் பண்ணினா, கிட் பேஷ்னு ஒரு கறுப்புத் திரை கூடவே வரும். அதில் பண்ணுங்க.

எங்கிருந்து வந்தது

லினக்ஸ் கெர்னல் எழுதுறவங்க பிட்கீப்பர் என்கிற ஒரு கம்பெனி மென்பொருளை இலவசமா பயன்படுத்திட்டு இருந்தாங்க. 2005-ல் அந்த இலவச அனுமதி நின்னு போச்சு. லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரல் மாசம் உட்கார்ந்து, சொந்தமா ஒண்ணு எழுத ஆரம்பிச்சார். ஏப்ரல் 7-ஆம் தேதி, கிட்டோட சொந்தக் கோடையே கிட்டுக்குள்ள கமிட் பண்ணிட்டார். ஜூலையில் பொறுப்பை ஜூனியோ ஹமானோகிட்ட கொடுத்துட்டார்.

அந்த முதல் கமிட் இன்னிக்கும் பத்திரமா இருக்கு. கிட்டோட ரெப்போவை இறக்கி, பின்னாடியே போய்க்கிட்டு இருந்தா 2005 ஏப்ரல் 7-ல் போய் நிப்பீங்க. தொலையாதுன்னு நான் சொல்றது இதைத்தான்.

கல்யாண மேடை

இப்போ ஒரு வேலையை எடுத்துக்கலாம். ராயப்பேட்டையில் ஒரு மெஸ்ஸுக்கு நீங்களும் உங்க ஃப்ரெண்டும் சேர்ந்து ஒரு வெப் பேஜ் பண்றீங்கன்னு வெச்சுக்கலாம். ஒரு ஃபோல்டர். உள்ளே பேஜுக்கு ஒரு ஃபைல், விலைப்பட்டியலுக்கு ஒரு ஃபைல். அந்த ஃபோல்டருக்குள்ள போய் 'கிட் இனிட்'னு அடிச்சா, கிட் அதைக் கவனிக்கத் தயாராயிடும். இன்னும் எதையும் சேமிக்கல. இதை மறக்காதீங்க.

கிட்டில் மூணு இடம் இருக்கு. கல்யாண மண்டபத்தை நினைச்சுக்கோங்க. ஹாலில் எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க. அதுதான் உங்க ஃபோல்டர். "சித்தி ஃபேமிலி மேடைக்கு வாங்க"ன்னு கூப்பிடுறாங்க. அது 'கிட் ஆட்'. போட்டோகிராஃபர் க்ளிக் பண்றார். அது 'கிட் கமிட்'. க்ளிக் ஆன போட்டோ ஆல்பத்துக்குப் போயிடும். அதுக்கு அப்புறம் சித்தி புடவை மாத்தினாலும் ஆல்பத்தில் இருக்கிற போட்டோ மாறாது.

ஏன் மேடைன்னு நடுவில் ஒண்ணு? நேரா க்ளிக் பண்ணக் கூடாதான்னு எல்லாரும் கேட்பாங்க. நீங்க இன்னிக்கு ரெண்டு வேலை பண்ணியிருப்பீங்க: விலையை மாத்தினீங்க, பேஜோட கலரையும் மாத்தினீங்க. ரெண்டும் வேற வேற சங்கதி. விலை ஃபைலை மட்டும் ஆட் பண்ணி ஒரு கமிட், கலர் ஃபைலை ஆட் பண்ணி இன்னொரு கமிட். நாளைக்கு மெஸ்காரர் "கலர் பிடிக்கல, பழசையே போடுங்க"ன்னா, விலையைத் தொடாம கலரை மட்டும் திருப்பலாம். மாமா ஃபேமிலியையும் சித்தி ஃபேமிலியையும் ஒரே போட்டோவில் எடுத்துட்டா அப்புறம் வெட்டிப் பிரிக்கிறது கஷ்டம் இல்லையா?

ஒரு நுணுக்கம்: ஆட் பண்ணின பிறகு அதே ஃபைலை மறுபடி திருத்தினா, அந்தப் புதுத் திருத்தம் மேடையில் இல்லை. மறுபடி ஆட் பண்ணணும்.

உங்க பேர் எங்கே போகுது

முதல் கமிட்டுக்கு முன்னாடி கிட் உங்க பேரையும் ஈமெயிலையும் கேட்கும். 'கிட் கான்ஃபிக், ஹைஃபன் ஹைஃபன் குளோபல், யூசர் டாட் நேம்', அடுத்து அதே மாதிரி 'யூசர் டாட் ஈமெயில்'. இதை யோசிச்சுப் போடுங்க. அந்தப் பேரும் ஈமெயிலும் நீங்க போடுற ஒவ்வொரு கமிட்டிலும் ஒட்டிக்கும். அந்த ரெப்போவைப் பொதுவில் வெச்சா, உலகத்தில் யார் வேணும்னாலும் படிக்கலாம். சொந்த ஈமெயிலைக் காட்ட வேண்டாம்னு நினைச்சா, கிட்ஹப் தன் செட்டிங்ஸில் ஒரு மறைப்பு ஈமெயில் தருது. அதை இங்கே கொடுத்துடலாம்.

இன்னொண்ணு நம்ம ஆட்களுக்கு மட்டும். ஃபைலுக்குத் தமிழில் பேர் வெச்சீங்கன்னா, 'கிட் ஸ்டேட்டஸ்' அதைக் காட்டும்போது பேருக்குப் பதிலா சாய்வுக் கோடும் எண்ணுமா கொட்டும். ஃபைல் கெட்டுப் போச்சுன்னு பயப்படாதீங்க, காட்டுற முறைதான் அப்படி. 'கிட் கான்ஃபிக், குளோபல், கோர் டாட் கோட்பாத், ஃபால்ஸ்'னு ஒரு தடவை அடிச்சா, தமிழ் தமிழாவே தெரியும். கமிட் மெசேஜையும் தாராளமா தமிழில் எழுதலாம்.

தினசரி ஐந்து

முதல் வாரத்துக்கு ஐந்து கமாண்ட் போதும்: ஸ்டேட்டஸ், ஆட், கமிட், லாக், டிஃப். இந்த ஐந்தும் உங்க ஃபைலில் ஒரு எழுத்தைக்கூட அழிக்காது. எத்தனை தடவை வேணும்னாலும் அடிக்கலாம்.

'கிட் ஸ்டேட்டஸ்' தான் ராஜா. எது மாறியிருக்கு, எது மேடையில் இருக்கு, எதை கிட் இன்னும் கவனிக்கவே இல்லைன்னு சொல்லும். அடுத்து என்ன அடிக்கலாம்னும் அடைப்புக்குறிக்குள்ள அதுவே சொல்லித் தரும். பலர் அதைப் படிக்கிறதே இல்ல. வேற எந்த கமாண்டுக்கும் முன்னாடி ஸ்டேட்டஸ் அடிச்சு, வர்ற பதிலை முழுசா படிங்க. ஒரு வாரத்தில் பாதிப் பயம் போயிடும்.

கமிட் பண்ணும்போது 'கிட் கமிட், ஹைஃபன் எம்', பிறகு மேற்கோள் குறிக்குள்ள மெசேஜ். அந்த ஹைஃபன் எம் விட்டுப் போனா, திடீர்னு ஒரு விசித்திரமான எடிட்டர் திறக்கும், அதிலிருந்து வெளியே வரத் தெரியாது. அது பெரும்பாலும் விம். எஸ்கேப் அழுத்தி, கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். வெளியே வந்துடலாம். கமிட் ஆகியிருக்காது, மேடையில் இருந்தது அப்படியே இருக்கும். அதே மாதிரி 'கிட் லாக்' அடிச்சு திரை சிக்கிக்கிட்டா, க்யூ அழுத்துங்க.

'கிட் லாக், ஹைஃபன் ஹைஃபன் ஒன்லைன்'னா, கமிட்டுக்கு ஒரு வரி வீதம் ஆல்பம் வரும். அங்கேதான் நீங்க எழுதின மெசேஜோட அருமை தெரியும். 'அப்டேட்', 'சேஞ்சஸ்', 'அப்டேட் 2'ன்னு எழுதியிருந்தா, பழைய ஃபோல்டர் குழப்பத்தையே கிட்டுக்குள்ள கொண்டு வந்திருக்கீங்க. 'பொங்கல் விலையை 60 ஆக்கியது, கேஸ் விலை ஏறினதால்'னு எழுதினா, ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கிற ஆளுக்கு விடை அங்கேயே கிடைக்கும். என்ன மாறிச்சுன்னு கிட்டே காட்டிடும். ஏன் மாறிச்சுன்னு நீங்கதான் சொல்லணும்.

'கிட் டிஃப்' ரெண்டு நிலைக்கு நடுவில் மாறின வரிகளை மட்டும் காட்டும். போன வரிக்கு மைனஸ், வந்த வரிக்கு ப்ளஸ். ஆட் பண்ணாத மாற்றத்தைத்தான் அது காட்டும். மேடையில் இருக்கிறதைப் பார்க்க 'கிட் டிஃப், ஹைஃபன் ஹைஃபன் ஸ்டேஜ்டு'.

இந்த வேலையைக் கையால் செஞ்சவர் ஒருத்தர் நமக்குப் பக்கத்திலேயே வாழ்ந்திருக்கார். ராயப்பேட்டைக்கு அடுத்தது திருவல்லிக்கேணி. உ.வே.சாமிநாதையர் பின்னாளில் குடியிருந்த இடம். 1887-ல் அவர் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டு வந்தார். அதுக்காகப் பல இடங்களிலிருந்து ஏட்டுச் சுவடிகளைத் தேடி வாங்கி, வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு சுவடியில் ஒரு சொல் இருக்கும், இன்னொண்ணில் அதே இடத்தில் வேற சொல். அதுக்குப் பேர் பாட பேதம். அந்த மாற்றம் ஒருத்தர் தெரிஞ்சே திருத்தினதா, இல்ல பிரதி எடுத்தவரோட கை தவறினதா? ஓலையை மட்டும் வெச்சு இதைச் சொல்றது ரொம்பக் கஷ்டம். ஒரு பாட பேதத்துக்குப் பக்கத்திலேயே யார், எப்போ, ஏன்னு குறிப்பு இருந்திருந்தா அவருக்கு எவ்வளவு உழைப்பு மிச்சமாகியிருக்கும்! அந்தக் குறிப்புதான் கமிட்.

எது தொலையும்

இப்போ பயத்தோட சரியான பாதிக்கு வருவோம்.

'கிட் ரெஸ்டோர்' போட்டு ஒரு ஃபைல் பேர் கொடுத்தா, அந்த ஃபைலில் நீங்க பண்ணின, இன்னும் ஆட் பண்ணாத மாற்றம் எல்லாம் போயிடும். "நிச்சயமா?"ன்னு கேட்காது. ரீசைக்கிள் பின்னும் கிடையாது. 'கிட் ரீசெட், ஹைஃபன் ஹைஃபன் ஹார்டு' இன்னும் மோசம். மேடையில் இருக்கிறதையும் ஹாலில் இருக்கிறதையும் சேர்த்துத் துடைச்சுடும். கிட்டில் 'க்ளீன்'னு ஒரு கமாண்டும் இருக்கு. அது கிட் இன்னும் கவனிக்காத புது ஃபைல்களையே அழிக்கும். இன்டர்நெட்டில் எங்கேயாவது "இதை அடிச்சா சரியாயிடும்"னு இந்த மூணில் ஒண்ணைப் பார்த்தா, முதலில் கையை எடுங்க. ஸ்டேட்டஸ் பாருங்க. கமிட் பண்ணாதது ஏதாவது இருந்தா, அரைகுறையா இருந்தாலும் பரவாயில்ல, ஒரு கமிட் போட்டுடுங்க. அப்புறம் எது வேணும்னாலும் அடிங்க.

ஏன் அவ்வளவு தைரியமா சொல்றேன்னா, 'கிட் ரீஃப்லாக்'னு ஒண்ணு இருக்கு. நீங்க கடைசியா நின்ன இடங்களை எல்லாம் கிட் தனக்குள்ள ஒரு டைரி மாதிரி எழுதி வெச்சிருக்கும். ரீசெட் பண்ணி ஒரு கமிட் லாகிலிருந்தே காணாமப் போனாலும், ரீஃப்லாகில் அதோட எண் இருக்கும். அதை வெச்சு மீட்டுடலாம். சாதாரண செட்டிங்கில் இப்படி அநாதையான கமிட்டோட குறிப்புகளை 30 நாள் வரைக்கும் வெச்சிருக்கும். ஆனா இந்த டைரி உங்க லேப்டாப்பில் மட்டும்தான். லேப்டாப்பே போச்சுன்னா டைரியும் போச்சு.

ஒரு தப்பான கமிட்டைத் திருப்ப, துடைக்கிறதை விட நல்ல வழி 'கிட் ரிவர்ட்'. பழைய கமிட்டை அழிக்காம, அதுக்கு நேர் எதிரான புதுக் கமிட் ஒண்ணைப் போடும். வரவு செலவு நோட்டில் தப்பை அடிச்சுத் திருத்தாம, அடுத்த வரியில் சரிக்கட்டுற மாதிரி. டீமில் வேலை பண்ணும்போது இதுதான் மரியாதையான வழி.

ரெண்டு பேர், ஒரு பொங்கல்

கிளை பிரிக்கிறதுக்கு 'கிட் ஸ்விட்ச், ஹைஃபன் சி', பிறகு கிளையோட பேர். பழைய பாடங்களில் 'செக்அவுட்'னு இருக்கும். அந்த ஒரே கமாண்ட் பல வேலை பண்ணி ஆளைக் குழப்பினதால், 2019-ல் ஸ்விட்ச், ரெஸ்டோர்னு ரெண்டா தனியா கொடுத்தாங்க. மெயின் கிளையை ஓடுற நிலையில் வெச்சுக்கிட்டு, பரிசோதனையைத் தனிக் கிளையில் பண்ணுங்க. சிலரோட கணினியில் முதல் கிளைக்கு மாஸ்டர்னு பேர் இருக்கும். கிட்ஹப் 2020 அக்டோபரிலிருந்து புது ரெப்போக்களுக்கு மெயின்னு வைக்குது. பேர்தான் வேற.

நீங்க உங்க கிளையில் பொங்கல் விலையை 60 ஆக்குறீங்க. ஃப்ரெண்ட் அவர் கிளையில் 55 ஆக்குறார். ரெண்டையும் 'கிட் மெர்ஜ்' பண்ணினா, கான்ஃப்ளிக்ட்னு வரும். நிறைய பேர் இந்த இடத்தில்தான் ஃபோல்டரையே அழிச்சுட்டு முதலில் இருந்து ஆரம்பிக்கிறாங்க. வேண்டாம். எதுவும் உடையல. கிட் சொல்றது இவ்வளவுதான்: "ஒரே வரிக்கு ரெண்டு பேரும் ரெண்டு விலை போட்டிருக்கீங்க. எது சரின்னு எனக்குத் தெரியாது."

ஃபைலைத் திறந்தா, அந்த இடத்தில் குறுங்கோணக் குறிகள் ஏழு, நடுவில் சமக்குறிகள் ஏழு, கீழே மறுபடி ஏழு இருக்கும். மேல் பாதி நீங்க நிக்கிற கிளையோடது, கீழ்ப் பாதி உள்ளே வர்ற கிளையோடது. ஃப்ரெண்டுக்கு ஒரு போன் போடுங்க, மெஸ்காரரைக் கேளுங்க, சரியான விலையை வெச்சுட்டு, அந்தக் குறிகளை எல்லாம் அழிச்சுட்டு, ஆட் பண்ணி கமிட் பண்ணுங்க. தலை சுத்தினா 'கிட் மெர்ஜ், ஹைஃபன் ஹைஃபன் அபார்ட்'. மெர்ஜுக்கு முந்தின நிலைக்கே கொண்டு வந்துடும். அதனால்தான் கையில் இருக்கிறதை எல்லாம் கமிட் பண்ணிட்டு மெர்ஜுக்குப் போங்கன்னு சொல்றது.

வெளியே போனது திரும்பாது

இதுவரைக்கும் எல்லாம் உங்க லேப்டாப்பில். கிட் வேற, கிட்ஹப் வேற. கிட்ஹப் உங்க ரெப்போவோட பிரதியை வெச்சுக்கிற ஒரு இணையதளம். 'கிட் புஷ்' அங்கே அனுப்பும், 'கிட் புல்' அங்கிருந்து வாங்கி உங்க வேலையோட சேர்க்கும். காலையில் உட்கார்ந்ததும் புல், எழுந்திருக்கும்போது புஷ். புஷ் பண்ணும்போது கிட்ஹப் பாஸ்வேர்டைக் கொடுத்தா ஏத்துக்காது. 2021 ஆகஸ்டிலிருந்து நிறுத்திட்டாங்க. டோக்கன் அல்லது எஸ்எஸ்எச் கீ வேணும்.

'கிட் க்ளோன்' ஒரு ரெப்போவை அதோட முழு வரலாற்றோட இறக்கும். பழகிப் பார்க்க ஒரு நல்ல ரெப்போ ஓப்பன் தமிழ். எழில் நிரல்மொழியை உருவாக்கின முத்தையா அண்ணாமலை தொடங்கின பைத்தான் நூலகம். தமிழ்னு ஒரு சொல்லைக் கணினி ஐந்து குறியீடாத்தான் பார்க்கும். நமக்கு அது மூணு எழுத்து. அப்படி எழுத்தை நம்ம கணக்கில் எண்ண உதவுறது அது. க்ளோன் பண்ணி 'லாக்' அடிச்சுப் பாருங்க. அதில் யார் யார் என்ன சேர்த்தாங்கன்னு பேரோட இருக்கும்.

கோவிட் காலத்தில் தன்னார்வலர்கள் நடத்தின கோவிட்19இந்தியா தளம் ஞாபகம் இருக்கா? 2021 அக்டோபர் 31-ஓட நிறுத்திட்டாங்க. ஆனா கோடு கிட்ஹப்பில் எல்லாருக்கும் திறந்தே இருந்தது. அதை எடுத்து வேற ஆட்கள் வேலையைத் தொடர முடிஞ்சது. ஆள் விலகினாலும் வேலை தொலையல.

ஆனா இதுக்கு மறுபக்கமும் இருக்கு. தொலையாதுங்கிறது நீங்க தொலைக்க நினைக்கிறதுக்கும் பொருந்தும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, ஏபிஐ கீ இதையெல்லாம் ஒரு ஃபைலில் எழுதி, தெரியாம கமிட் பண்ணி, பொது ரெப்போவுக்குப் புஷ் பண்ணிட்டா என்ன ஆகும்? அடுத்த கமிட்டில் அந்த வரியை அழிச்சாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். இந்த மாதிரி கீக்களைத் தேடியே சுத்துற புரோகிராம்கள் உண்டு. காசு கட்டுற கிளவுட் கணக்கோட கீன்னா, பில் உங்க பேருக்கு வரும். அதனால் முதல் வேலை, அந்தக் கீயை ரத்து பண்ணி புதுசு வாங்குறது. வரலாற்றைச் சுத்தம் பண்றது அதுக்கு அப்புறம்.

வராம தடுக்க, 'டாட் கிட்இக்னோர்'னு ஒரு ஃபைல் உருவாக்கி, கிட் கண்டுக்கக் கூடாத ஃபைல் பேர்களை அதில் எழுதுங்க. ரகசியம் இருக்கிற ஃபைல் அதில் முதல் வரியா இருக்கட்டும். ஏற்கெனவே கமிட் பண்ணின ஃபைலுக்கு இது வேலை செய்யாது. அதனால் முதல் கமிட்டுக்கு முன்னாடியே எழுதிடுங்க.

இந்த வார வேலை

பொய்யா ஒரு ஃபோல்டர் உருவாக்குங்க. உள்ளே உங்க தெரு டிபன் கடையோட விலைப்பட்டியல். பத்து கமிட் போடுங்க, ஒவ்வொண்ணுக்கும் ஏன்னு ஒரு மெசேஜ். ரெண்டு கிளை பிரிச்சு, ஒரே வரியை ரெண்டு விதமா மாத்தி, வேணும்னே ஒரு கான்ஃப்ளிக்ட் வரவழைச்சுத் தீருங்க. கடைசியா 'ரீசெட் ஹார்டு' அடிச்சு மூணு கமிட்டைக் காணாமப் போக வெச்சு, ரீஃப்லாகில் தேடி மீட்டுக் கொண்டு வாங்க. விளையாட்டு ஃபோல்டரில் ஒரு தடவை மீட்ட கை, நிஜமான ராத்திரி பன்னெண்டு மணிக்கு நடுங்காது.

சந்தேகம் இருந்தா எழுதுங்க. எழுதும்போது 'கிட் ஸ்டேட்டஸ்' என்ன சொல்லுச்சுன்னும் சேர்த்து அனுப்புங்க. பாதிக் கேள்விக்கு விடை அதிலேயே இருக்கும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.